கதவுக்காரி மீது மூன்று புகார்கள்

பிப்ரவரி 6

அக்காவுக்கு,

போன் செய்தால் எடுக்கமாட்டாய். அதனால் கடிதம். தபால்தலை ஒட்டி வந்த எதையும் பிரிக்காமல் வைக்க உனக்கு மனசு வராது என்று எனக்குத் தெரியும். இரண்டு வருஷமாக நாம் பேசவில்லை. அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் பேசப்போவதும் இல்லை. ஒரு வேலை இருக்கிறது, உன்னால்தான் ஆகும்.

என் நாவல் வந்து எட்டு மாதம் ஆகிறது. ‘மூச்சுவிடும் மாளிகை’. உங்கள் நூலகத்துக்கும் இரண்டு பிரதி வந்திருக்கும். நீயே பதிவு எண் போட்டு அடுக்கியிருப்பாய். பிரித்துப் பார்த்தாயா என்பது வேறு விஷயம். கதை என்ன என்று கேட்கிறவர்களுக்கு நான் இப்படிச் சொல்வது வழக்கம்: உப்பு ஏரிக் கரையில் ஒரு மாளிகை. அங்கே யாராவது செத்துப்போனால் சுவரில் புதிதாக ஒரு கதவு முளைக்கும். எல்லாக் கதவுக்கும் சாவி வைத்திருப்பவள் கதவுக்காரி. அவள் ஏழு வயதுக் குழந்தை ஒன்றை ஒரு அறையில் போட்டுப் பூட்டுகிறாள். உள்ளே இருக்கும் குழந்தைக்குச் சுவர் மூச்சுவிடுவது கேட்கிறது. மிச்சத்தைப் படித்தால்தான் தெரியும்.

படித்தவர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்குப் போன வாரம் ஒரு அம்மா வந்தார். நாற்காலியில் உட்காரவைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா அது தெளிவா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசி வரி தெரிந்ததும் என் சட்டையில் குத்தியிருந்த பெயரையும் படித்துவிட்டார். அந்த மாளிகைப் புத்தகம் எழுதினது நீங்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கண்ணாடியே வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார். மறுநாளே ஒரு பஸ் டிரைவரிடமிருந்து கடிதம். மனைவி போன பிறகு அவர் முழுசாகப் படித்த முதல் புத்தகம் இதுதானாம். இரண்டு முறை படித்துவிட்டார், மூன்றாம் முறைக்குப் பயமாக இருக்கிறது, ஆனாலும் படிக்கத்தான் போகிறாராம். ஒரு பள்ளி ஆசிரியை முதல் பத்துப் பக்கத்தைச் சிவப்பு மையில் திருத்தி அனுப்பியிருக்கிறார். இன்னொருவர் பாதியில் நிறுத்திவிட்டு, மீதிக் கதையைச் சுருக்கமாக எழுதி அனுப்பும்படி என்னைக் கேட்டிருக்கிறார்.

பதிப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டாம் பதிப்பு வேண்டுமென்றால் ஏழாவது அத்தியாயத்தை எடுத்துவிட வேண்டுமாம். குழந்தையைப் பூட்டிவைக்கிற அத்தியாயம். மார்ச் முடிவதற்குள் சம்மதம் சொல்லவேண்டும். அது போனால் நாவலே போயிற்று என்பது என் எண்ணம். ஆனால் எழுதினவள் வேறென்ன சொல்வாள்?

உங்கள் நூலகத்தில் ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டைப் பையிலும் கருத்துச் சீட்டு வைக்கிறீர்களே, எடுத்துப் போகிறவர்கள் பெயர் போடாமல் நாலு வரி எழுதிச் செருகிவிட்டுப் போவார்களே, அவை எனக்கு வேண்டும். யாருக்கும் பயப்படாமல், யாரையும் சந்தோஷப்படுத்த நினைக்காமல் எழுதினது அது ஒன்றுதான். நீ பார்த்து எழுதி அனுப்பவேண்டாம். அப்படியே ஜெராக்ஸ் எடுத்து அனுப்பு. நீ சலித்து அனுப்பினால் எனக்குத் தெரிந்துபோகும்.

வாலு


பிப்ரவரி 15

வாலுவுக்கு,

இரண்டு பிரதி இல்லை, மூன்று. மூன்றாவது ஒரு வாசகரின் அன்பளிப்பு. அதாவது, வீட்டில் வைத்துக்கொள்ளப் பிடிக்காமல் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போனது.

நீ கேட்டபடி ஜெராக்ஸ் வைத்திருக்கிறேன். மொத்தம் ஒன்பது சீட்டு. சில கையெழுத்து உனக்குப் பிடிபடாது என்பதால் இங்கேயும் எழுதுகிறேன். சலிக்கவில்லை.

“வீட்டுக்காரர் வெளியூர் போயிருக்கும்போது படிக்கக் கூடாது. அவர் இருக்கும்போது படித்தால் அவரைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.”

“ஆசிரியருக்கு யாராவது வைத்தியம் பார்க்கவும்.”

“41ஆம் பக்கத்தில் அழுதேன். ஏன் என்று தெரியவில்லை.”

“நல்ல தாள். எழுத்தும் பெரிதாக இருக்கிறது. கதை பிடிக்கவில்லை.”

“கதவுகளை எண்ணிப் பார்த்தேன். ஆசிரியர் சொல்வதைவிட ஒன்று குறைகிறது.” இவர் எல்லாப் புத்தகத்திலும் எதையாவது எண்ணுவார். பொருட்படுத்தாதே.

“மூன்று நாளில் முடித்தேன். அடுத்தது எப்போது?”

மீதி மூன்றும் ஒரே அத்தியாயத்தைப் பற்றியவை. “பெரியவள் ஒருத்தி குழந்தையைப் பூட்டினால் அதற்கு ஒரு காரணம் இருக்காதா? ஏழாவது அத்தியாயத்தை எடுக்கவேண்டும்.” அடுத்தது: “குழந்தைகள் வந்துபோகிற இடத்தில் இப்படி ஓர் அத்தியாயம் இருக்கக் கூடாது. கதவுக்காரியும் ஒரு மனுஷிதானே?” கடைசி: “சாவியை விழுங்கிவிட்டுச் சிரிக்கிற பெண் உலகத்தில் உண்டா? அந்த அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டால் புத்தகம் தேறும்.”

மூன்று பேர், மூன்று கையெழுத்து, மூன்று மை. ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள். நீயாக என் கருத்தைக் கேட்கவில்லை, நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் பதிப்பாளர் தொழில் தெரிந்தவர். அவர் சொல்வதைக் கேட்டு அதை எடுத்துவிட்டு இரண்டாம் பதிப்பைக் கொண்டுவா. யாருக்கும் நஷ்டமில்லை.

குளிர்காலம் முடியும்வரை காதை மூடிக்கொண்டு வெளியே போ.

அக்கா


பிப்ரவரி 27

அக்கா,

உன் கடிதம் என்னைச் சாய்த்துவிட்டது. பதிப்பாளர் சொன்னபோது முறைத்துக்கொண்டேன். ஆசிரியை சிவப்பு மையால் அடித்தபோது சிரித்தேன். ஆனால் முகம் தெரியாத மூன்று பேர் ஒரே இடத்தில் கை வைத்தால் என்ன செய்வது? நாலு நாள் யோசித்தேன். ஏழாவது அத்தியாயத்தை எடுத்துவிடலாம் என்று பதிப்பாளருக்குக் கடிதம் எழுதி, உறையில் போட்டு, ஒட்டியும் விட்டேன்.

சாப்பாட்டு இடைவேளையில் கடையில் யாரும் இல்லை. கண் சோதிக்கும் அறையில் உட்கார்ந்து கடைசியாக ஒரு தடவை அந்தச் சீட்டுகளைப் பார்த்தேன். இவர்களைச் சபிக்கலாம் என்றுதான் எடுத்தேன். அந்த மூன்று புகாரில் கடைசிச் சீட்டில் நின்றுவிட்டேன்.

அக்கா, அச்சான புத்தகத்தில் கதவுக்காரி சாவியை விழுங்கவில்லை. சிரிக்கவும் இல்லை.

அது இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் எழுதின முதல் படியில் இருந்தது. பதிப்பாளரிடம் கொடுப்பதற்கு முன்பே அந்த அத்தியாயத்தை அடியோடு மாற்றிவிட்டேன். முதல் படியைப் படித்தவர் உலகத்திலேயே ஒரே ஒருவர்தான். “இனி எனக்குத் தங்கை இல்லை” என்று முதல் பக்கத்தில் எழுதித் திருப்பி அனுப்பினவர்.

இடது கையால் எழுதினாயா? மெனக்கெட்டு மூன்று பேனா தேடியிருக்கிறாய். எனக்கு வந்த கோபத்தில், வாடிக்கையாளர் ஒருவருக்கு வலது கண்ணின் பவரை இடது கண்ணுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடிப்போய்த் திரும்ப வாங்கினேன்.

உறையைக் கிழித்துப் போட்டாயிற்று. ஏழாவது அத்தியாயம் இருக்கும். உன் மூன்று பேரும் முப்பது பேராக வந்து நின்றாலும் இருக்கும். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். நீ இந்தப் புத்தகத்தைப் படித்தாயா?

வாலு


மார்ச் 9

வாலுவுக்கு,

ஆமாம், நான்தான் எழுதினேன். படிக்கவில்லை. படிக்கப்போவதும் இல்லை.

என்னை என்னவென்று நினைத்தாய்? எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அம்மாவுக்கு அந்தக் காய்ச்சல். குழந்தையைக் கிட்டே விட்டால் இரண்டு உயிர் போகும் என்று டாக்டர் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார், உள்ளே வரக்கூட இல்லை. அப்பா இல்லை. நீ சொன்னால் கேட்கிற ஜென்மமா? இரண்டு தடவை என்னைக் கடித்துவிட்டு அம்மாவிடம் ஓடினாய். பின்னறையில் விட்டுப் பூட்டினேன். குளியலறை அதிலேயே இருந்தது. ஜன்னல் கம்பி வழியாக மூன்று வேளையும் சாப்பாடு கொடுத்தேன். ஒன்பது நாள். ஆறாம் நாள் அம்மா போய்விட்டாள். நீ அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்காக நீ என்னை வெறுத்தாய் என்றால் நேராகச் சொல்லியிருக்கலாம். ஒரு பேய்வீட்டைக் கட்டி, அதில் என்னைக் காவல் வைத்து, சாவியை விழுங்கவைத்து, சிரிக்கவும் வைத்தாய். தெரிந்தவர்கள் படித்தால் அது யார் என்று கேட்கவேண்டியதே இல்லை.

அதனால்தான் அந்த மூன்று சீட்டு. வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வருத்தம் இல்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள். நீ ஜெராக்ஸ் கேட்டதால் உண்மையான சீட்டிலேயே எழுதி, புத்தகப் பையில் வைத்து, மற்றதோடு சேர்த்து நகல் எடுத்தேன். அப்புறம் எடுத்துக் கிழித்துப் போட்டிருக்கலாம். முடியவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் பையில் விழுந்த ஒரு சீட்டைக்கூட நான் எடுத்ததில்லை, என்னைத் திட்டி எழுதினதைக்கூட. பொய் எழுதத் துணிந்த கைக்கு, எழுதினதை எடுக்கத் துணிவில்லை. மாதக் கடைசியில், கிழிந்த புத்தகங்களைத் தைத்து அட்டை போடுகிற எங்கள் பைண்டர் வழக்கம்போலப் பைகளைக் காலிசெய்து சீட்டுகளைப் பிரித்தார். பிடிக்கவில்லை என்று எழுதினால் அது புகார் ஆகாது. எடு, கிழி, இருக்கக் கூடாது என்று எழுதினால்தான் புகார். மூன்று மாதத்துக்குள் மூன்று புகார் சேர்ந்தால் புத்தகம் ஆலோசனைக் குழுவுக்குப் போகும். அந்த விதியை எழுதினதே நான்தான், பதினோரு வருஷத்துக்கு முன்னால்.

24ஆம் தேதி குழு கூடுகிறது. ஊர்ப் பல் டாக்டர்தான் தலைவர். அவர் எதையும் பிடுங்குவதற்கு யோசிக்கிறவர் இல்லை. மூன்று பிரதியும் அலமாரியிலிருந்து போய்விடும். மாவட்டத்தில் உள்ள மற்ற நூலகங்களும் எங்கள் குழு சொல்வதைத்தான் பின்பற்றும். நான் வாயைத் திறக்கப்போவதில்லை. திறந்தால் என் வேலை போகும். திறக்காவிட்டால் அந்தக் கதவுக்காரி போவாள். போகட்டும்.

அக்கா


மார்ச் 16

அக்கா,

நீ வாயை மூடிக்கொள்வது உன் இஷ்டம். நான் கூட்டத்துக்கு வரமாட்டேன். குழுவுக்கு எழுதமாட்டேன். உன்னைக் காட்டிக் கொடுக்கவும் மாட்டேன். இந்தக் கடிதங்கள் என் மேஜை டிராயரில்தான் இருக்கும்.

பதிப்பாளருக்கு முடியாது என்று எழுதிவிட்டேன். நேற்று அவர் பதில் வந்தது. மரியாதையான கடிதம். உரிமையைத் திருப்பித் தருகிறார், வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். பார்ப்பேன். ஒருவரும் போடாவிட்டால் நானே போடுவேன், இருக்கிற பிரதி கிழியும்வரை கைமாற்றிப் படிக்கட்டும். எட்டு வருஷம் இடைவேளைகளில் உட்கார்ந்து எழுதினது அது. பயந்துபோய் யாராவது கண்ணாடி வேண்டாம் என்று எழுந்து போனால் போகட்டும். ஆனால் அந்த அத்தியாயம் இல்லாமல் அது என் புத்தகம் இல்லை.

நான் உன்னை வெறுத்தேன். உண்மைதான். முதல் படி முழுக்க வெறுப்பில் எழுதினது. நீ திருப்பி அனுப்பின பிறகு அதைத் திரும்பப் படித்தேன். படிக்கப் படிக்க, அந்த அறையைப் பற்றி நான் மறந்திருந்த ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. அதனால் மாற்றினேன். உன்னைச் சமாதானப்படுத்த இல்லை. முதலில் எழுதினது தப்பு என்பதால் மாற்றினேன். அது என்ன என்று இங்கே சொல்லமாட்டேன். சொன்னால் கெஞ்சுவதுபோல் ஆகிவிடும்.

பக்கம் 112 முதல் 131 வரை. இருபது பக்கம். நின்றுகொண்டே படிக்கலாம். நீ புகார் கொடுத்த புத்தகத்தைப் புகார் கொடுத்த பிறகாவது படிப்பது நியாயம் இல்லையா? நூலகக்காரிக்கு இதை நான் சொல்லவேண்டியிருக்கிறது.

வாலு


மார்ச் 25

வாலுவுக்கு,

படித்தேன். வெள்ளிக்கிழமை காலையில், கவுன்டரிலேயே. புத்தகம் திருப்பித் தர வந்தவர்களுக்கு முத்திரை குத்திக்கொண்டே படித்தேன். சமையல் புத்தகம் ஒன்றில் போன வருஷத் தேதியைக் குத்திவிட்டேன்.

118ஆம் பக்கத்தில் குழந்தை தரையில் படுத்துக் கதவின் கீழ் இடுக்கைப் பார்க்கிறது. வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு யாரோ அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். விடிந்தாலும் அந்த நிழல் நகரவில்லை. மாளிகை மூச்சுவிடுகிறது என்று குழந்தை நினைத்ததெல்லாம் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தவளின் மூச்சு. அதற்கு மேல் படிக்க முடியவில்லை. பைண்டரைக் கவுன்டரில் உட்காரவைத்துவிட்டுப் பழைய செய்தித்தாள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே வந்ததும் மீதியைப் படித்தேன். நான் அங்கே உட்கார்ந்திருந்ததை யாரிடமும் சொன்னதில்லை. உனக்குத் தெரியாது என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

நேற்றுக் கூட்டம். ஐந்து பேர், நீள மேஜை, நடுவில் உன் புத்தகம். பல் டாக்டர் மூன்று புகாரையும் நிறுத்தி நிதானமாக வாசித்தார். என் எழுத்தை இன்னொருவர் வாயால் கேட்க அருவருப்பாக இருந்தது. நூலகத்தின் சார்பில் ஏதாவது சொல்லவேண்டுமா என்று என்னைக் கேட்டார். எழுந்து நின்றேன்.

“இந்த மூணு சீட்டையும் எழுதினது நான்தான். எழுதும்போது நான் புத்தகத்தைப் படிக்கல.”

புகார்க் கட்டோடு சுவரோரம் உட்கார்ந்திருந்த பைண்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இப்ப படிச்சிட்டீங்களா?” என்றார் டாக்டர்.

“படிச்சிட்டேன்.”

“எப்படி இருக்கு?”

“எனக்குப் பிடிக்கல. நாலு நாளா சரியா சாப்பிட முடியல. ஆனா ஒரு பக்கம்கூட எடுக்கக் கூடாது.”

ஏன் எழுதினேன் என்று கேட்டார்கள். குடும்ப விஷயம் என்றேன். அதற்கு மேல் சொல்லமாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். வெளியே உட்காரச் சொன்னார்கள். ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள். புகார்கள் செல்லாது, புத்தகம் அலமாரியில் இருக்கும். நான் பொறுப்பில் இருக்கமாட்டேன். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பைண்டர்தான் பொறுப்பு, எனக்குச் செய்தித்தாள் அறை. வேலையே போகும் என்றுதான் துணிந்து போனேன். அது போகவில்லை என்பதே அதிகம். பைண்டர் என் முகத்தைப் பார்க்கக் கூசுகிறார். பாவம், அவர் விதிப்படிதான் செய்தார் என்று நான் அவரைத் தேற்றவேண்டியிருக்கிறது.

கூட்டத்தில் நடந்தது எப்படியோ வெளியே போய்விட்டது. இன்று மத்தியானத்துக்குள் உன் புத்தகத்துக்கு முன்பதிவு பதினொன்று. அதில் ஒருவர் பல் டாக்டரின் மனைவி. பதினொரு பேரில் எத்தனை பேர் திட்டுவார்கள் என்று தெரியாது. பாதிப் பேர் என்று வைத்துக்கொள். உன் பதிப்பாளர் போனால் போகட்டும், வேறு ஆளைப் பார்.

ஆனால் ஏழாவது அத்தியாயத்தில் ஒரு தப்பு இருக்கிறது. உனக்குத் தெரிய வழியில்லாத தப்பு.

ஆறாம் நாள் காலையில் அம்மா உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள். ஒரு தடவை இல்லை, விடாமல். அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நீ. நடுவில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நான். உன் புத்தகத்தில் கதவுக்காரி கடைசிவரை பூட்டைத் திறக்கவில்லை. நான் திறந்தேன், வாலு. அம்மா கூப்பிடக் கூப்பிடப் பொறுக்க முடியாமல் பூட்டைத் திறந்துவிட்டேன். கதவைத் தள்ளியிருந்தால் திறந்திருக்கும். ஆனால் நீ அதற்கு முந்தின நாளே தள்ளுவதை நிறுத்தியிருந்தாய். வா என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ செத்துவிடுவாய் என்று பயம். பூட்டவும் மனசில்லை, கூப்பிடவும் தைரியமில்லை. நீயாக வந்தால் வரட்டும் என்று கதவை விட்டு விலகி உட்கார்ந்திருந்தேன். மத்தியானத்துக்குள் அவள் சத்தம் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகும் மூன்று நாள் அந்தக் கதவு பூட்டாமல்தான் இருந்தது. ஒன்பதாம் நாள் உன்னை வெளியே விட வந்தபோது, பூட்டியிருந்ததைத் திறப்பதுபோல நான் சாவியைப் போட்டுச் சத்தம் செய்தேன்.

இதைக் கேட்ட பிறகு நீ என்னை மறுபடியும் வெறுக்கலாம். இந்தத் தடவை திருப்பி அனுப்பமாட்டேன், எழுதி அனுப்பு, முழுசாகப் படிக்கிறேன். அடுத்த பதிப்பில் பூட்டை எப்படி வைப்பது என்பதை நீ முடிவுசெய். எப்படி வைத்தாலும், அந்த அத்தியாயத்தை யாருக்காகவும் எடுக்காதே. எனக்காகவும் எடுக்காதே.

உன் அக்கா